டிஸ்க்கில் இடமுண்டு, மெமரியில் இல்லை

டெபியனோ உபுண்டுவோ ஓடும் கணினி கையில் இருந்தால், அதில் ஸெட்லிப் லைப்ரரி எந்தப் பெயரில் பேக்கேஜாக இருக்கிறது என்று பாருங்கள். ‘ஸெட்லிப்1’ என்று நின்றிருக்க வேண்டிய பெயருக்குப் பின்னால் ஒரு ‘ஜி’ தொங்கிக்கொண்டிருக்கும். என்னிடம் வேலை பழக வந்தவர்களில் பலரும் அதை ஜிஸிப்போடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அது ஜிலிப்சியின் ஜி. 1998-இல் டெபியன் 2.0 வந்தபோது மொத்த டிஸ்ட்ரோவும் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சி 5-இலிருந்து லிப்சி 6-க்கு, அதாவது ஜிலிப்சிக்கு, மாறியது. அதற்காக ஸெட்லிப் தன் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பழைய லிப்சியை நம்பிக் கம்பைல் செய்த புரோகிராமுக்குள் புதிய லிப்சியை நம்பிய ஸெட்லிப் நுழைந்தால் புரோகிராம் விழுந்துவிடும். அதனால் பழையது ஸெட்லிப்1, புதியது ஸெட்லிப்1ஜி என்று இரண்டும் கொஞ்ச காலம் அக்கம்பக்கத்தில் இருந்தன. பழையது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஜியை எடுக்க யாரும் முன்வரவில்லை. எடுத்தால் அதை நம்பியிருக்கும் அத்தனை பேக்கேஜ்களையும் மறுபடி கட்ட வேண்டும். கட்டிக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அதன் பிறகு ஜிசிசி 3.2 கம்பைலர் வந்து சி++ பைனரிகளின் அமைப்பே மாறியது. சி++ லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரில் ‘சி102’ என்று வால் முளைத்தது. 2005-இல் ஜிசிசி 4.0 வந்தபோது அது ‘சி2’ ஆனது. 2015-இல் ஜிசிசி 5, ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பையே மாற்றியது, ‘வி5’ வந்தது. 2024-இல் ‘டி64’. 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழிந்துவிடும் என்பதற்காக, அதை 64 பிட்டாக அகலப்படுத்திய மாற்றம் அது. ஆர்ம் 32 பிட் கருவிகளுக்காகச் செய்ததுதான். ஆனால் பேக்கேஜ் பெயர் எல்லாக் கணினிகளுக்கும் பொது என்பதால், எதுவுமே மாறாத 64 பிட் இன்டெல் கணினிகளிலும் லிப்கர்ல்4 என்பது லிப்கர்ல்4டி64 ஆகிவிட்டது. 32 பிட் கணினிகளில் பழைய இன்டெலில் மட்டும் அந்த எண்ணைத் தொடவில்லை. சோர்ஸ் கிடைக்காத பழைய விளையாட்டுகளும் மென்பொருள்களும் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வால்கள் அசிங்கமாகத் தெரியும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. போகப் போக, பேக்கேஜ் பெயரைப் பார்த்தே அது எந்தெந்த வருடத்துச் சண்டையில் அடிபட்டது என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

முதலில் கற்றுக்கொடுக்கப்பட்டது, ஒரு லைப்ரரியை எப்படி இரண்டாகப் பிரிப்பது என்பது. ஒவ்வொரு லைப்ரரி கோப்பின் உள்ளேயும் சோநேம் என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். ஆப்ஜ்டம்ப் கட்டளையை ஓட்டினால், ‘லிப்ஸெட் டாட் எஸ்ஓ டாட் 1’ என்று ஒரு வரியில் தெரியும். அதைப் பயன்படுத்தும் புரோகிராமுக்குள் அதே பெயர், ‘எனக்கு இது தேவை’ என்ற குறிப்போடு பதிந்திருக்கும். ஓடத் தொடங்கும்போது லோடர் தேடுவது அந்தப் பெயரைத்தான். ஆகவே அந்த எண்ணைத் தாங்கிய பெயரில் ஒரு பேக்கேஜ். அதில் லைப்ரரி மட்டும். ஹெடர் கோப்புகள், எண் இல்லாத லிங்க், ஸ்டாட்டிக் பிரதி எல்லாம் ‘டெவ்’ என்று முடியும் இன்னொரு பேக்கேஜில். ஃபெடோராவில் அதற்கு ‘டெவெல்’ என்று பெயர். ஸ்டாட்டிக் பிரதியை அவர்கள் அதிலும் வைக்க விடமாட்டார்கள், அதற்குத் தனி பேக்கேஜ்.

புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இது: லைப்ரரி பேக்கேஜுக்குள் மொழிபெயர்ப்புக் கோப்பையோ கான்ஃபிக் கோப்பையோ சின்ன ஒரு கட்டளையையோ சேர்த்து வைத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் ஓடும். எண் 1-இலிருந்து 2-க்கு மாறும் நாளில், இரண்டு பேக்கேஜிலும் ஒரே பாதையில் ஒரே கோப்பு இருக்கிறது என்று டெபியனின் நிறுவல் கருவியான டிபிகேஜி நிறுத்திவிடும். 1-ம் 2-ம் ஒரே டிஸ்க்கில் சேர்ந்து இருக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான் பெயரில் எண்ணையே வைத்தோம். ஒரு கான்ஃபிக் கோப்பு அதைக் கெடுத்துவிடும்.

எண்ணை எப்போது மாற்ற வேண்டும் என்பதில்தான் மூல ஆசிரியர்களோடு என் கடிதப் போக்குவரத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. ஒருவர், ஒரு ஃபங்ஷனைத் தூக்கிவிட்டு எண்ணை அப்படியே வைத்திருந்தார். கேட்டால், “அதை யாரும் பயன்படுத்துவதில்லையே” என்றார். எங்கள் களஞ்சியத்திலேயே அதை நம்பி ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் பட்டியலை அனுப்பிய பிறகுதான் இறங்கிவந்தார். 2007 வாக்கில் டெபியனில் சிம்பல் கோப்புகள் வந்தன. லைப்ரரி வெளியே காட்டும் ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தப் பதிப்பில் வந்தது என்று அதில் எழுதியிருக்கும். ஏதாவது ஒன்று காணாமல் போனால் பேக்கேஜ் கட்டும்போதே எரர் அடித்து நின்றுவிடும். அது வந்த பிறகு அந்தக் கடிதங்கள் குறைந்தன. ஆனால் ஒரு ஸ்ட்ரக்ட்டின் நடுவில் புதிதாக ஒரு ஃபீல்டை நுழைத்தால் சிம்பல் கோப்புக்குத் தெரியாது. பெயர் அதேதான், உள்ளே இடம் மட்டும் நகர்ந்திருக்கும். அதைப் பிடிக்க அபிடிஃப் போன்ற கருவிகள் பின்னால் வந்தன. அதற்கு முன்பெல்லாம் ஹெடர் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்பதுதான்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு: பாப்ளர். பிடிஎஃப் கோப்புகளைக் காட்டும் லைப்ரரி. அதன் உள் லைப்ரரிக்கு நிலையான வாக்குறுதி எதுவும் கிடையாது. ஏறக்குறைய ஒவ்வொரு வெளியீட்டிலும் எண் ஏறும். டெபியன் 11-இல் லிப்பாப்ளர்102, அடுத்த 12-இல் லிப்பாப்ளர்126. ஒவ்வொரு முறையும் லிப்ரே ஆபீஸ் உட்பட அதை நேரடியாக நம்பியவை எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். புதிய பெயர் என்பதால் டெபியனின் ‘நியூ’ வரிசையில் நின்று அனுமதி வாங்க வேண்டும், முதலில் எக்ஸ்பெரிமென்டலில் ஏற்ற வேண்டும், ரிலீஸ் குழுவிடம் நாள் கேட்க வேண்டும். எரிச்சல் வரும். ஆனாலும் எனக்கு இவர்கள்மேல் கோபமில்லை. மாறினோம் என்று சொல்லிவிட்டு மாறுகிறார்கள். அதே பாப்ளரின் ஜிலிப் வழி லைப்ரரி பல வருடங்களாக 8 என்ற எண்ணிலேயே நிற்கிறது; நிலையானது வேண்டுமென்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பொது லைப்ரரியின் பிரதியைத் தன் பேக்கேஜுக்குள் யாரும் திணிக்கக் கூடாது என்ற விதி ஏன் வந்தது என்பதை 2002 மார்ச்சில் பார்த்தேன். ஸெட்லிப் 1.1.3-இல், ஒருமுறை விடுவித்த மெமரியை மறுபடி விடுவிக்கும் ஓட்டை வெளியே வந்தது. 1.1.4 வந்தது, பேக்கேஜை மாற்றினோம், ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் தலைவலி. ஸெட்லிப்பின் சோர்ஸைத் தனக்குள்ளேயே நகலெடுத்து வைத்திருந்தவை எத்தனை! ஆர்சிங்க் வைத்திருந்தது, லினக்ஸ் கெர்னலே வைத்திருந்தது. பைனரிகளுக்குள் ஸெட்லிப்பின் பதிப்புரிமை வாசகத்தை கிரெப் போட்டுத் தேடி, வந்த பட்டியலை அச்செடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தோம்.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே வந்தபோது நிலைமை எவ்வளவோ தேவலை. ஓப்பன்எஸ்எஸ்எல் பெரும்பாலும் ஒரே பேக்கேஜாக, ஒரே இடத்தில் இருந்தது. மாற்றியாயிற்று. ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டார்கள்: டிஸ்க்கில் கோப்பை மாற்றினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மெமரியில் பழையது அப்படியேதான் இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தால், டிஸ்க்கில் இல்லாத ஒரு கோப்பை ‘டெல்’, அதாவது டிலீட்டட், என்ற குறிப்போடு வெப்சர்வர் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். “அப்டேட் போட்டாச்சு சார், ஆனா டெஸ்ட்ல இன்னும் ஓட்டைன்னு காட்டுது” என்று அன்றைக்கு வந்த போன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: ரீஸ்டார்ட் பண்ணுங்க.

டிஸ்க் வேறு, மெமரி வேறு. லைப்ரரி விதிகள் பெரும்பாலும் டிஸ்க்கைப் பற்றியவை: எத்தனை பதிப்புகள் வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், மோதாமல் இருந்தால் போதும். ஓடும் ப்ராசஸுக்குள் அந்தச் சலுகை கிடையாது. இந்த வித்தியாசத்தை முகத்தில் அறைந்த மாதிரி சொல்லிக்கொடுப்பவை பிளகின்கள்.

பிளகினும் அதே எஸ்ஓ கோப்புதான். ஆனால் அதை யாரும் லிங்க் செய்வதில்லை. தாய்ப் புரோகிராம் ஓடும்போது டிஎல்ஓப்பன் மூலம் தானே ஏற்றிக்கொள்கிறது. அதனால் சோநேம் வேண்டாம், பதிப்பு எண் வேண்டாம், டெவ் பேக்கேஜ் வேண்டாம். பொது லிப் அடைவில் இருக்கவும் கூடாது. தாய்ப் புரோகிராமின் பெயரில் உள்ள தனி அடைவுக்குள் போக வேண்டும். அப்பாச்சியின் மாட்யூல்கள், பேம் மாட்யூல்கள், ஜிஸ்ட்ரீமர் பிளகின்கள் எல்லாம் அப்படித்தான் வசிக்கின்றன. ஃபெடோரா இருக்கும் ஆர்பிஎம் உலகில் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆர்பிஎம், பேக்கேஜுக்குள் இருக்கும் எஸ்ஓ கோப்புகளைப் பார்த்து, ‘இந்தப் பெயர் என்னிடம் கிடைக்கும்’ என்று தானாகவே அறிவித்துவிடும். ஒரு மியூசிக் பிளேயரின் அடைவுக்குள் ஒளிந்திருக்கும் பிளகினுக்கு ஏதோ பொது லைப்ரரியின் பெயரே வாய்த்திருந்தால், அந்த லைப்ரரியைக் கேட்கும் வேறொரு பேக்கேஜுக்கு மியூசிக் பிளேயரை இறக்கிக் கொடுத்துவிட்டு, தேவை தீர்ந்தது என்று சொல்லிவிடும். லோடரோ அந்த அடைவுக்குள் எட்டிப் பார்க்காது. அதனால்தான் ஃபெடோரா விதிகளில், குறிப்பிட்ட அடைவிலிருந்து இந்த அறிவிப்பு வெளிவராமல் வடிகட்டும் வரியை ஸ்பெக் கோப்பில் எழுதச் சொல்கிறார்கள்.

பிளகினுக்கு எண் இல்லையென்றால் பொருத்தம் பார்ப்பது எப்படி? தாய்ப் புரோகிராம்தான் எண் சொல்ல வேண்டும். டெபியனில் பிஎச்பி 8.2 ‘பிஎச்பிஏபிஐ-20220829’ என்று ஒரு பெயரைத் தருகிறது. அதன் எக்ஸ்டென்ஷன்கள் அந்தப் பெயரையே தேவையாகக் கேட்கின்றன. அப்பாச்சி 2.4-க்கு 20120211. இந்த ஏற்பாடு இல்லாத தாய்ப் புரோகிராம்களிடம் மாட்டிக்கொண்டால் கஷ்டம்தான்.

தமிழ் எழுத்து திரையில் ஒழுங்காக வருவதே ஒரு காலத்தில் பிளகின் கையில் இருந்தது என்றால் இப்போது நம்பமாட்டார்கள். க்னோம் பயன்பாடுகளில் எழுத்துகளை அடுக்குவது பாங்கோ லைப்ரரி. இந்திய மொழிகளுக்கான அடுக்கும் வேலை அதன் மாட்யூல்களில் இருந்தது. எந்த மாட்யூல் எந்த எழுத்துக்கு என்ற பட்டியலை ஒரு கட்டளை ஓட்டி ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வார்கள். மாட்யூல்கள் இருக்கும் அடைவின் பெயரிலேயே பதிப்பு எண் உண்டு. பாங்கோ மாறும்போது 1.4.0 என்பது 1.5.0 ஆகும், பிறகு 1.6.0. பட்டியல் மட்டும் பழைய அடைவையே காட்டிக்கொண்டிருந்தால் பாங்கோ சத்தம் போடாமல் எழுத்தை வந்த வரிசையிலேயே வைத்துவிடும். ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்து, “சார், உங்க அப்டேட்டுக்கு அப்புறம் தமிழ் உடைஞ்சு போச்சு, ஃபான்ட் போயிடுச்சு போல” என்று கூப்பிட்டார்கள். ஃபான்ட்டுக்கு ஒன்றுமில்லை. அங்கே யாரோ பட்டியல் கோப்பைக் கையால் திருத்தி வைத்திருந்ததால், புதுப்பிக்கும்போது அது பழையபடியே இருந்துவிட்டது. கட்டளையை மறுபடி ஓட்டச் சொன்னேன், தமிழ் சேர்ந்துகொண்டது.

இப்படிப்பட்ட பட்டியல் கோப்புகள் எல்லா இடத்திலும் உண்டு: படக் கோப்புகளைத் திறக்கும் ஜிடிகே பிக்ஸ்பஃப்புக்கு ஒன்று, தட்டச்சு மாட்யூல்களுக்கு ஒன்று. முன்பு ஒவ்வொரு பிளகின் பேக்கேஜும் தன் நிறுவல் ஸ்கிரிப்டில் அந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும். ஒருவர் மறந்தால் போதும். 2009-இல் டெபியன் 5.0-ஓடு டிரிகர்கள் பரவலாக வந்தன. இந்த அடைவில் யார் கோப்பு வைத்தாலும் என்னைக் கூப்பிடு என்று தாய் பேக்கேஜே சொல்லிவைத்துவிடும். ஒவ்வொரு லைப்ரரியும் எல்டிகான்ஃபிக் ஓட்டிக்கொண்டிருந்த வழக்கமும் அப்படித்தான் ஒழிந்தது. நான் பார்த்த மாற்றங்களில் இதைத்தான் அதிகம் கொண்டாடுவேன். வெளியே யாருக்கும் தெரியவே தெரியாது. பாங்கோவின் மாட்யூல் கதையும், அடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் எடுத்துக்கொண்ட பிறகு முடிந்துபோனது.

தட்டச்சு மாட்யூல்களின் கதை மட்டும் முடியவில்லை. “ஒரு ஜன்னலில் தமிழ் அடிக்க வருது, பக்கத்து ஜன்னலில் வரமாட்டேங்குது” என்ற புகாரை இன்றும் கேட்கிறேன். ஜிடிகே 2, ஜிடிகே 3, ஜிடிகே 4 மூன்றும் தனித்தனித் தாய்கள். ஒன்றின் மாட்யூலை மற்றதில் ஏற்ற முடியாது. ஜிடிகே 2-ம் 3-ம் ஒரே ப்ராசஸில் இருப்பதைக் கண்டாலே ஜிடிகே 3 ஓட மறுத்துவிடும். ஆகவே தட்டச்சுக்கு உதவும் ஒரே ஐபஸ்ஸை ஐபஸ்-ஜிடிகே, ஐபஸ்-ஜிடிகே3, ஐபஸ்-ஜிடிகே4 என்று மூன்று பேக்கேஜாகக் கட்ட வேண்டியிருக்கிறது. புகார் சொன்னவரிடம் பெரும்பாலும் அதில் ஒன்று குறைவாக இருக்கும்.

ஜிடிகேயாவது மறுத்துவிடுகிறது. மறுக்காமல் ஏற்றிக்கொண்டு பிறகு விழுபவைதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு கல்லூரியில் எல்லாக் கணக்குகளையும் எல்டாப்புக்கு மாற்றிய மறுநாளிலிருந்து வெப்சர்வர் காரணமில்லாமல் செத்துக்கொண்டே இருந்தது. ‘எல்டாப்புக்கும் வெப்சர்வருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். கோர் டம்ப்பை ஜிடிபியில் திறந்து பார்த்தால், ஓப்பன்எஸ்எஸ்எல் 0.9.7-இல் தொடங்கிய ஒரு கால் 0.9.6-க்குள் போய் முடிந்திருந்தது. பயனர் பெயரைத் தேடும் ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளும் ஜிலிப்சி ஒரு பிளகினை ஏற்றுகிறது. அந்தப் பிளகின் எல்டாப் லைப்ரரியை இழுத்து வந்தது, அது தன் பங்குக்கு ஒரு எஸ்எஸ்எல்லை. வெப்சர்வரிடம் ஏற்கெனவே வேறொன்று இருந்தது. ஒரு ப்ராசஸ் என்பது ஒண்டுக்குடித்தன வீடு. இரண்டு பேருக்கு ஒரே பெயர் இருந்தால் தபால்காரர் முதலில் எதிர்ப்பட்டவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டிஸ்க்கில் இரண்டு பதிப்புகளும் எந்த விதியையும் மீறாமல் இருந்தன. சிம்பல்களுக்குப் பதிப்பு முத்திரை குத்தினால் இது தீரும், பின்னால் குத்தினார்கள். ஆனால் சரியான வைத்தியம், அந்தப் பிளகினைச் சின்னதாக்கி, எல்டாப் பேசும் வேலையைத் தனி டீமனுக்கு மாற்றியது. இன்று எஸ்எஸ்எஸ்டி செய்வதும் அதைத்தான்.

சோர்ஸ் இல்லாத பிளகின் என்றால் இன்னும் வேடிக்கை. 2010 இறுதியில் ஃபெடோரா 14-இல் ஃபிளாஷ் வழியாகப் பாட்டு கேட்டவர்களுக்குச் சத்தம் கரகரவென்று வந்தது. ஜிலிப்சி தன் மெம்காப்பி ஃபங்ஷனை வேகப்படுத்தியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களுக்கு மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்ற சி மொழியின் விதியை ஃபிளாஷ் மீறியிருந்தது. விதிப்படி ஜிலிப்சி பக்கம் தப்பில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பக் ரிப்போர்ட்டிலேயே வந்து, பயனருக்கு ஓடியது ஓடவேண்டும் என்று வாதாடினார். ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புதிய முத்திரை குத்தினார்கள்: பழைய பைனரிகளுக்குப் பழைய நடத்தை, புதிதாகக் கம்பைல் ஆகிறவைக்குப் புதியது. நான் லினஸ் கட்சி.

பிறகு 2024 மார்ச் 29. டி64 மாற்றத்தின் நடுவில் நாங்கள் முழி பிதுங்கிக்கொண்டிருந்த நேரம். போஸ்ட்கிரெஸ் டெவலப்பரான ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட், எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதமாவதைத் தோண்டப்போய், எக்ஸ்ஸெட் 5.6.0, 5.6.1 பதிப்புகளின் லிப்எல்ஸெட்எம்ஏ லைப்ரரிக்குள் கள்ளக்கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்கு அந்த லைப்ரரியே தேவையில்லை. ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டிஸ்ட்ரோக்கள் ஒட்டுப்போட்டு லிப்சிஸ்டம்டியை இணைத்திருந்தன. லிப்சிஸ்டம்டி, சுருக்கிவைத்த ஜர்னல் கோப்புகளை விரிப்பதற்காக லிப்எல்ஸெட்எம்ஏவை இழுத்து வந்தது. ஒரு சாக்கெட்டில் ஒரு வரி எழுதும் வேலைக்கு இத்தனை பரிவாரம். டெபியனின் ஸ்டேபிள் பதிப்புக்கு அந்தக் கள்ளக்கதவு வந்து சேரவில்லை, உபுண்டு 24.04-இன் பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது.

சிஸ்டம்டி 256-இலிருந்து லிப்எல்ஸெட்எம்ஏ போன்ற சுருக்கும் லைப்ரரிகளை லிப்சிஸ்டம்டி நேரடியாக லிங்க் செய்வதில்லை, தேவைப்படும்போது டிஎல்ஓப்பன் செய்துகொள்கிறது. தேவையில்லாத ப்ராசஸுக்குள் தேவையில்லாதது நுழையாது என்பது நல்லதுதான். பேக்கேஜருக்கு மட்டும் புதுத் தலைவலி. தேவைகளைக் கணக்கிடும் டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ், கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதைத்தான் படிக்கும். டிஎல்ஓப்பனுக்குள் ஒரு ஸ்ட்ரிங்காக ஒளிந்திருப்பதை அறியாது. அதனால் எந்த லைப்ரரியை டிஎல்ஓப்பன் செய்யப்போகிறோம், அது கட்டாயமா, இருந்தால் நல்லதா, விருப்பம்போலவா என்று கோப்புக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதும் வழக்கத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். அதைப் படித்துத் தேவைகளாக மாற்றும் கருவி டெபியனிலும் வந்துவிட்டது. பெரும்பாலும் அவை ‘ரெக்கமண்ட்ஸ்’ என்ற இரண்டாம் நிலைத் தேவையாகத்தான் போகின்றன. கன்டெய்னர் கட்டுபவர்களோ இடத்தை மிச்சப்படுத்த ரெக்கமண்ட்ஸ் எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் நிறுவுகிறார்கள். போன மாதம் எங்கள் அலுவலகப் பையன் ஒருவன் வந்து, “அண்ணே, கன்டெய்னருக்குள்ள ஜர்னலைப் படிச்சா பாதி வரிதான் வருது, டிபெண்டன்சி எல்லாம் சரியாத்தான் காட்டுது” என்றான். எந்தக் கட்டளை போட்டு நிறுவினான் என்று முதலில் கேட்டேன்.